ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புக் கணக்கு

பதினெட்டு மாதத்துக்கும் மேல் பூட்டிக் கிடந்த தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தன. அடுத்த மாதமே தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அது. அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, இந்தக் குழந்தைகள் கணக்கில் சுமார் 0.7 திட்டவிலக்கமும் தமிழில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். புள்ளியியல் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதை வேறு விதமாகச் சொல்லலாம். 2019 வரிசையில் நட்டநடுவில் நின்றிருக்க வேண்டிய பிள்ளை, கணக்கில் கடைசிக் கால்பங்குக்குள் இறங்கிவிட்டது.

அந்தப் பதினெட்டு மாதமும் பாடம் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருந்தன. கைபேசியைக் காட்டினால் பாட வீடியோ ஓடும். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. திரையில் என்னவெல்லாம் தர முடியுமோ அத்தனையும் ஏதோ ஓர் அளவில் தரப்பட்டது. அதற்குப் பிறகும் இழப்பு இவ்வளவு.

பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்பது அதே ஆய்வின் இரண்டாவது முடிவு. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காட்டை ஆய்வாளர்கள் ‘இல்லம் தேடிக் கல்வி’யின் கணக்கில் வைக்கிறார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதே தெருவைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். சுற்றி உட்காரச் சுமார் இருபது பிள்ளைகள். கோயில் மண்டபமோ வீட்டு வாசலோ ஓர் இடம். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்கள். இழப்பு ஏழைகளை அதிகமாகத் தாக்கியது, மீட்சியும் அவர்களையே அதிகமாகத் தூக்கிவிட்டது.

இந்த முடிவு, கல்வியைப் பற்றி நம் ஊரில் நடக்கும் சண்டையில் இரண்டு கட்சிக்கும் சங்கடம் தரக்கூடியது. ‘கரும்பலகையும் வாத்தியாரும் இருந்த காலமே பொற்காலம்’ என்பவர்களும், ‘இனி எல்லாம் கைக்கணினிதான்’ என்பவர்களும் கருவியைப் பார்க்கிறார்கள். ஒரு முறை ஜெயிப்பதும் தோற்பதும் வேறு இடத்தில் தீர்மானமாகிறது என்பது என் வாதம். பிள்ளை இப்போது நிற்கும் படியிலிருந்து பாடம் தொடங்குகிறதா? அது செய்யும் தப்பை யாராவது, அல்லது ஏதாவது, உடனே பார்க்கிறதா? இந்த இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் சொல்லும் முறைகள் மண்ணில் விரலால் எழுதிய காலத்திலும் வேலை செய்தன, கணினியிலும் வேலை செய்கின்றன. ‘இல்லை’ என்று பதில் சொல்பவை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வேலை செய்வதில்லை.

திண்ணையும் எழும்பூரும்

‘பாரம்பரிய முறை’ என்றதும் நம் கண்ணில் வரும் காட்சி: ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர், எல்லார் கையிலும் ஒரே புத்தகம், அதில் ஒரே பக்கம், முன்னால் நின்று பேசும் ஆசிரியர், வருடக் கடைசியில் பரீட்சை. தமிழ்நாட்டில் இது அப்படியொன்றும் பழையதல்ல. அதற்கு முன்னால் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களைக் கொண்டு நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் மக்கள் இருந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள், அவற்றில் 1,88,650 மாணவர்கள். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து நூலாக்கிய பிறகுதான் பொதுவாசகர் பலருக்கும் இது தெரியவந்தது.

திண்ணையில் நடந்த பாடத்தைப் பற்றி உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ முதல் து.செந்தில்பாபுவின் கணித வரலாற்று ஆய்வுகள் வரை நிறையச் சான்றுகள் உள்ளன. பிள்ளை மண்ணில் விரலால் எழுதித் தொடங்கும். கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியில் முழு எண் வாய்ப்பாடு மட்டும் இல்லை. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று. இந்தப் பின்னங்களின் பெருக்கல் எல்லாம் வாயில் நிற்க வேண்டும், ஏனென்றால் நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் பொன் நிறுக்கவும் அவைதான் வேண்டும். இன்றைய பேச்சுக்கு முக்கியமானது இன்னொன்று: எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. எந்த மாதத்திலும் சேரலாம். தன் சுவடியை முடித்தவன் அடுத்ததற்குப் போவான், முடிக்காதவன் அங்கேயே நிற்பான். சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் பெரிய பையன்களுக்கும் பங்கு உண்டு. அவர்களில் தலைமைப் பையன் சட்டாம்பிள்ளை.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். தம்மிடமிருந்த ஆசிரியர்கள் அதைச் செய்து பார்க்க முன்வரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியை அப்படியே சொல்லிக் கொடுக்கச் சொன்னார், அது பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு பரவியது. 1811இல் தொடங்கப்பட்ட திருச்சபையின் தேசியக் கழகம் தன் பள்ளிகளில் அதையே வைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரோடுதான் இயங்குகிறது.

கடல் தாண்டிப் போனபோது அந்த முறையின் சாரம் மாறிவிட்டது. ஒரே ஆசிரியரை வைத்துச் சில நூறு ஏழைப் பிள்ளைகளைச் செலவில்லாமல் கட்டுப்படுத்தும் உபாயமாக அது இங்கிலாந்தின் தொழில்நகரங்களில் பயன்பட்டது. பிள்ளைக்குப் பிள்ளை என்பதில் இருந்த நெருக்கம் போய்ப் படைவீரர் பயிற்சி போல ஆயிற்று. பிறகு அதுவும் கைவிடப்பட்டது. வயதுவாரி வகுப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாணவர் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆய்வாளர் வருவார், பரீட்சை வைப்பார், தேறியவர்களின் எண்ணிக்கைக்குத் தக்க பணம். திண்ணை வாத்தியார் தம் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து உட்கார வைத்ததற்கு இதுவே பெரிய காரணம்.

திண்ணையைப் பாடிப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. மன்றோவின் கணக்கில் பெண்பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணையில் ஏறவே வழியில்லை. தண்டனைகள் குரூரமானவை, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்றவற்றைப் படிக்கும்போது இன்றும் கோபம் வருகிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம், பெண்ணும் படிக்கலாம், வாத்தியார் சம்பளத்தை அரசு தரும் என்று ஆக்கியது பின்னால் வந்த அரசு வகுப்பறைதான். காமராசர் காலத்தில் நடந்துபோகும் தூரத்தில் பள்ளி வந்ததும் மதிய உணவு வந்ததும் இல்லாமல் தமிழ்நாடு இன்றைய தமிழ்நாடாக இருக்காது. அந்த வகுப்பறையைக் குறை சொல்பவர்கள் இந்தக் கடனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தது. உள்ளே வந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க அதற்குக் கண் இல்லாமல் போனது.

கழித்தல் கணக்கு ஒன்று

கண் இல்லை என்று நான் சொல்வதை ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்று எப்போதோ கேட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றுகள் இடத்தில் 7இலிருந்து 2 போக 5, பத்துகள் இடத்தில் 5இலிருந்து 2 போக 3 என்று போட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு 48இலிருந்து 23ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று சரியாகவே போட்டுவிடும். தப்பான விதி, சரியான விடை. பத்துக் கணக்கு கொடுத்தால் சில சரி, சில தப்பு. சிவப்பு மை அதைக் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஆசிரியர் கரும்பலகையில் இதே கணக்கைப் போட்டுக் காட்டுகிறார். ‘புரிஞ்சுதா?’ என்கிறார். ‘புரிஞ்சுது சார்’ என்று ஒரே குரல். முன்வரிசைப் பிள்ளை விடை சொல்கிறது. நம் பிள்ளை பலகையிலுள்ள 25ஐத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறது. நோட்டு சுத்தமாக இருக்கிறது. இந்த ஆசிரியர் சோம்பேறி இல்லை. பாடத்திட்டம் முடிக்க வேண்டிய தேதி அவர் தலைமேல் நிற்கிறது. அடுத்த வாரம் வகுத்தல். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளைக்கு நீள் வகுத்தல் வெறும் கோடுகள். ஐந்தாம் வகுப்பு வரும்போது அது இரண்டாம் வகுப்புக் கணக்கில்தான் நிற்கும், ஆனால் கையில் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் இருக்கும்.

இது ஒரு பிள்ளையின் கதை அல்ல. கிராமப்புற வீடுகளில் நடத்தப்படும் ஏசர் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 27.3 விழுக்காடு. தொற்றுக்காலம் முடிந்த 2022இல் 20.5 விழுக்காடு. 2024இல் 27.1. தொற்று வந்துதான் கெட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னாலேயே நான்கில் மூன்று பிள்ளைகள் வகுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

திரை இதற்கு என்ன செய்யும்? சுவரில் மாட்டிய ஸ்மார்ட் போர்டில் அதே கழித்தல், வண்ணத்தில், அசைவோடு, இசையோடு ஓடுகிறது. பத்துகள் கட்டு அவிழ்ந்து பத்துக் குச்சியாவதை அழகாகக் காட்டுகிறது. நல்ல ஆசிரியர் கையில் இது மதிப்புள்ள உதவி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாற்பது பேருக்கும் ஒரே வேகத்தில் ஒரே படம் ஓடுகிறது. நம் பிள்ளை 35 என்று எழுதியதை அந்தத் திரை பார்க்கவே இல்லை. விலை உயர்ந்த கரும்பலகை அது. அரசும் தனியார் பள்ளிகளும் ‘நவீனக் கல்வி’ என்ற பெயரில் வாங்கிக் குவிப்பவற்றில் இந்த வகைச் சாதனம்தான் மிகுதி.

அட்டையும் ஏணியும்

இந்தக் குருட்டுத்தனத்தைத் தமிழ்நாடு கணினி இல்லாமலே சரிசெய்யப் பார்த்தது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கிராமக் கல்வி மையம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்த வேண்டிய சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து ஒரு முறையை உருவாக்கியிருந்தது. அதைப் பார்த்து வந்த சென்னை மாநகராட்சி, எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்த 2003இல், 13 பள்ளிகளில் தொடங்கியது. அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது, 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ வந்தது.

அந்த வகுப்பறைகளை நேரில் பார்த்தவர்களுக்கு மறக்காது. பெஞ்சு கிடையாது, பாய். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் அன்றன்று பிள்ளைகள் வரைந்தது, எழுதியது எல்லாம் தொங்கும். வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்ளும். சுவரில் ஏணிப்படி என்ற அட்டவணை. அதில் படிக்குப் படி சின்னச் சின்னப் படங்கள். பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறது என்று ஏணியில் பார்த்து, அந்தப் படத்துக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கான குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு ஒன்று, சக மாணவர் துணையுடன் கற்பது ஒன்று, தானாகச் செய்வது ஒன்று, மதிப்பீட்டுக்கு ஒன்று என ஆறு குழு. வாரம் முழுக்க வராத பிள்ளையும், திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்து ஏறும். கூலி வேலைக்காக ஊர் ஊராகப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

திண்ணையில் இருந்த இரண்டு நல்ல குணங்கள், அவரவர் வேகமும் பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பதும், பிரம்பும் சாதியும் இல்லாமல் திரும்ப வந்தன. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய பிள்ளை தன் அட்டையோடு ஆசிரியர் முன்னால் வந்து உட்காரும் ஒரு கணம் இந்த முறையில் நிச்சயமாக உண்டு.

ஆனால் அது பல இடங்களில் வாடிப்போனது. பெற்றோருக்கு ‘வாத்தியார் பாடமே நடத்துவதில்லை, பிள்ளைகள் அட்டையோடு விளையாடுகின்றன’ என்ற மனக்குறை. பக்கத்துத் தெரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஏபிசி சொல்வது அவர்களுக்குப் படிப்பாகத் தெரிந்தது. கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை நேரத்துக்கு வராத பள்ளிகளில் ஏணியில் ஓட்டைகள் விழுந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இது ஆசிரியரிடம் அதிகக் கூர்மையைக் கேட்டது. ஆறு குழுவிலும் என்ன நடக்கிறது என்று ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். அந்தக் கூர்மை இல்லாத இடத்தில் அட்டையை எடுப்பதும் வைப்பதும் சடங்காயிற்று. 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இதன் இடத்தைப் பிடித்தது. அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலையைப் பார்த்தே பிரிக்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, அடிப்படை எண்ணம் உயிரோடு இருக்கிறது. நல்லதே.

இயந்திரம் எப்போது ஆசிரியருக்கு உதவியது

புதுச் சாதனம் வந்து பழைய வகுப்பறையை ஒழித்துவிடும் என்ற அறிவிப்பு நூறு வருடமாகக் கேட்டு வருவது. 1913இல் தாமஸ் எடிசன் சினிமா பாடநூலின் இடத்தைப் பிடிக்கும் என்றார். வானொலிக்கும் அதையே சொன்னார்கள். இந்தியாவில் 1975-76இல் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சியை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். தொழில்நுட்பச் சாதனையாக அது பெரியது. தொடக்கப்பள்ளி வகுப்பறை அதனால் மாறிவிடவில்லை.

மடிக்கணினிக்கு வருவோம். பெரு நாட்டில் ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் சோதித்தார்கள். பதினைந்து மாதத்துக்குப் பிறகு, கணினி கிடைத்த பள்ளிகளில் பிள்ளைக்கு ஒன்றுக்கு மேல் என்ற கணக்கில் கணினி இருந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் என்று எதுவும் தென்படவில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் வழங்கப்பட்டிருக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு அந்தக் கணினி திறந்துவிட்ட கதவுகளை நான் சின்னதாக நினைக்கவில்லை. பொருளில் சமத்துவம் வந்தது. அது நியாயமான செலவு. ஆனால் கற்பித்தலில் மாற்றம் வந்தது என்று அதைக் காட்டிச் சொன்னால் அது வேறு பேச்சு.

குஜராத்தில் கியான் சாலா என்ற தொண்டு அமைப்பின் பள்ளிகளில் பொருளியலாளர் லீ லிண்டன் நடத்திய ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதே மென்பொருள், அதே அமைப்பு நடத்தும் பள்ளிகள். பள்ளி நேரத்தில் ஆசிரியர் நடத்தும் பாடத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கணினியை வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் கணக்கில் கீழே போனார்கள். பள்ளி முடிந்த பிறகு, ஆசிரியரின் பாடத்துக்கு மேலதிகமாக வைத்த இடத்தில் மேலே வந்தார்கள். ஒரே இயந்திரம், இரண்டு விளைவு.

டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அரசு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேர். குலுக்கலில் தேர்வானவர்களுக்கு ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கற்பித்தல் மென்பொருளின் மையத்தில் பள்ளிக்கு வெளியே தினம் 90 நிமிடம். அதில் பாதி நேரம் கணினி, மீதி நேரம் ஒரு துணையாசிரியரோடு சிறு குழு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள் என்பதை மென்பொருளே முதல் நாளில் காட்டிவிட்டது. அது ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நிலைக்கேற்ற கேள்வியைத் தரும்; விடை தப்பானால் என்ன வகைத் தப்பு என்று பார்க்கும். 35 என்று எழுதியதற்கும் 26 என்று எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க உயர்வு. குலுக்கலில் தேர்வாகாமல் வழக்கமான பள்ளியிலேயே இருந்த பிள்ளைகளில், அடிமட்டத்திலிருந்த மூன்றில் ஒரு பங்கினர் அந்த நாலரை மாதத்தில் ஏறக்குறைய ஒன்றுமே கற்கவில்லை. தினமும் பள்ளிக்குப் போனார்கள், சீருடை போட்டார்கள், நோட்டு எழுதினார்கள். இந்த ஆய்வில் என்னை மிகவும் உலுக்கிய வரி அதுதான்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி. மையத்தில் கற்ற பிள்ளைகளின் முன்னேற்றம் பள்ளியின் கணக்குப் பரீட்சையில் சராசரியாகத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து நாலாம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளையை ஏழாம் வகுப்பு வினாத்தாள் எப்படிக் கண்டுபிடிக்கும்? இரண்டுமே சைபர்தான். நம் பரீட்சை முறையே இந்த முன்னேற்றத்தைப் பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில், கணக்குப் பயிற்சியின்போது சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கட்டுப்பாடில்லாமல் கையில் கொடுத்தபோது பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். கருவியை வாங்கிக்கொண்டு பரீட்சை வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவு. விடையை நேராகத் தராமல் ஆசிரியர் எழுதிய குறிப்புகளைக் கொண்டு வழிகாட்டும்படி அமைத்த இன்னொரு கருவியில் அந்தச் சரிவு பெருமளவு தவிர்க்கப்பட்டது. பிள்ளை யோசிக்க வேண்டியதை யோசிக்கவிட்டதா என்பதே அங்கே கணக்கு.

மனப்பாடத்துக்கு ஒரு வக்காலத்து

புதிய முறைகளை ஆதரிப்பவர்கள் மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனைகளில், படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். சாயங்காலத் திண்ணையில் வாய்ப்பாடு ஒப்பித்ததன் பின்னால் இதே பலன் இருந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று நாக்கில் வராத பிள்ளைக்குப் பின்னக் கணக்கில் மூளை முழுவதும் பெருக்கலிலேயே தீர்ந்துவிடும். அதேபோல, ஒரு புதுக் கருத்தை ஆசிரியர் தெளிவாக, படிப்படியாகச் சொல்லிக் காட்டுவதற்கு ஈடு கிடையாது. அமெரிக்காவில் 1968 முதல் 1977 வரை நடந்த ‘ஃபாலோ த்ரூ’ என்ற பெருஞ்சோதனையில் ஒப்பிடப்பட்ட முறைகளில் நேரடிக் கற்பித்தலே முன்னால் நின்றது. ‘பிள்ளையே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கட்டும்’ என்று விட்டுவிடுவது, வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். கேள்வி-பதிலை அர்த்தம் தெரியாமல் நெட்டுருப் போட வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். வாய்ப்பாட்டையும் செய்யுளையும் அல்ல.

செலவு எங்கே போக வேண்டும்

தமிழ்நாட்டின் கிராமங்களில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் நடத்தும் தொடக்கப்பள்ளிகள் நிறைய. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போன நாளில் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். இதற்கு நடுவே பள்ளி விவரங்களைத் தொகுக்கும் அரசின் எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றும் வேலை. அந்த வேலை பாட நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. தொழில்நுட்பம் பள்ளிக்குள் நுழைந்து முதலில் எடுத்துக்கொண்டது பிள்ளையைப் பார்க்க வேண்டிய ஆசிரியரின் கண்களை என்றால், அந்த வரிசையை மாற்ற வேண்டியது அரசின் பொறுப்பு. மென்பொருள் செய்யக்கூடிய நல்ல காரியம் விடைகளைத் திருத்துவதும், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்குக் காட்டுவதும். அதற்குக் கணினியைக் கொடுங்கள். வருகைப் பதிவேடாகவும் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பும் கருவியாகவும் மட்டும் அதை வைக்காதீர்கள்.

என் முன்னுரிமை வெளிப்படையானது. தொடக்கப்பள்ளிக்கு வகுப்புக்கொரு ஆசிரியர் முதலில். தினம் ஒரு மணி நேரமாவது வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துப் படிப்பிப்பது இரண்டாவது. இல்லம் தேடிக் கல்வியில் வந்தவர்களைப் போன்ற மாலைநேரத் துணை மூன்றாவது. திரைகள் அதற்குப் பிறகு, அவையும் பிள்ளையின் விடையைப் பார்க்கக்கூடிய வகையாக இருந்தால் மட்டும். கோடிக்கணக்கில் சாதனம் வாங்க டெண்டர் போடுவதற்கு முன், சில நூறு பள்ளிகளில் குலுக்கல் முறையில் சோதித்து, முடிவு எதுவானாலும் அதை மக்கள் முன் வைக்க வேண்டும். குலுக்கல் முறையில் இல்லாவிட்டாலும், 2021-22இல் பெரிய ஆய்வு ஒன்று இங்கேயே நடந்து முடிந்திருக்கிறது. அதனால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா, டேப்லெட் தருவார்களா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்றால் அது உங்களுக்கு எத்தனை நாளில் தெரியும், தெரிந்த பிறகு யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள்? ஆசிரியரின் பெயரைச் சொல்லிப் பதில் தரும் பள்ளியில் சேருங்கள்.